நடுவில் நிறுத்தம் இல்லை

ட்ராம் நிற்கக் கூடாத இடத்தில் நின்றது.

பரஞ்சோதி கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே, கையை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில், பச்சை பெயிண்ட் அடித்த இரும்புத் தண்டவாளம் மலைச்சரிவோடு ஏறிப் போயிற்று. ஒரு வாரமாக அதன் சத்தங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். மேலே தம்பி காளிதாசன் வீட்டு வாசலில் மோட்டார் உறுமும். பல்சக்கரம் தண்டவாளத்தைக் கடித்துக் கடித்துப் பெட்டியை இறக்கும். ஜன்னலைக் கடக்கும்போது கண்ணாடி அலமாரியில் இருக்கும் தம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுக்கும். பிறகு கீழே, சாலையோரத்தில், பெருமூச்சு விட்டதுபோல் அடங்கிவிடும். வழக்கமாக அவர் பின்கட்டில் குளித்துக்கொண்டிருக்கும் வேளையில், அன்று சாயங்காலம் ஏழு மணி தாண்டி, அது இறங்கி வந்தது. தம்ளர்கள் கிணுகிணுத்தன. பிறகு சும்மா இருந்தன. அடங்கும் ஓசை கீழேயிருந்து வரவில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தார். பெட்டி ஜன்னலுக்கு நேராக நின்றிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. இரண்டு பேர் உட்காரும் நீல நிற இருக்கை காலியாக இருந்தது. இடுப்பளவு இருந்த சின்னக் கதவு மெதுவாக இவர் பக்கம் திறந்தது. ஒருவர் இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் திறந்தே இருந்தது. பிறகு மூடிக்கொண்டு கீழே போய்விட்டது.

"கரண்டு கோளாறா இருக்கும்," என்றாள் மனைவி பிரேமாவதி சமையலறையிலிருந்து. அவளிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மலேசியாவில், பீடோங்கிலிருந்து உள்ளே போகும் சாலையில் அந்தக் குன்று இருக்கிறது. ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர். இப்போது பாதிக்கு மேல் எண்ணெய் எடுக்கும் செம்பனை. பரஞ்சோதியின் தாத்தா அங்கே பெரிய கங்காணியாக இருந்தவர். சம்பளமோ சண்டையோ சாவோ, எதுவானாலும் தோட்டத்து ஜனங்கள் அறுபது படி ஏறி வந்து அவர் வாசலில் நிற்க வேண்டும். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது குன்றைக் குடும்பமே வாங்கியது. பாகம் பிரித்தபோது, மூத்தவர் என்ற முறையில், நடுச்சரிவில் இருந்த கங்காணி வீட்டைப் பரஞ்சோதி எடுத்துக்கொண்டார். உச்சியில் வெறும் லாலான் புல். அது தம்பிக்குப் போயிற்று.

அந்தப் புல்லில்தான் காளிதாசன் உச்சி வரை படி கட்டி மூன்று மாடி எழுப்பினான். அங்கிருந்து பார்த்தால் ஜெராய் மலை முழுசாகத் தெரியும் என்றார்கள். பரஞ்சோதியின் வாசலிலிருந்து மலையின் தோள் மட்டுந்தான் தெரியும். எழுபத்தொரு வயது வரை அந்தத் தோள் போதுமானதாக இருந்தது. இப்போது போதவில்லை.

ட்ராம் போடத் தொடங்கியபோது, பாக்கார் ஆராங்கிலிருந்து வந்த டெக்னீஷியன் அட்ரியன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டான்: "அங்கிள், பாஸ் கேக்கச் சொன்னாரு. உங்க வீட்டு ஜன்னலுக்கு நேரா ஒரு ஸ்டாப் வச்சிரலாமா? ஆன்ட்டிக்கும் ஈசிலா."

தம்பி தானே வந்து கேட்கவில்லை. கூலிக்கு வந்தவனிடம் சொல்லியனுப்பியிருந்தான்.

"எங்க வீட்டுக்கு வர்றவங்க படியேறித்தான் வரணும்," என்றார் பரஞ்சோதி. "நாங்களும் அப்படித்தான்."

அதனால் நடுவில் நிறுத்தம் இல்லை. பட்டன் இல்லை, மேடை இல்லை. பெட்டி அவர் ஜன்னலை உரசிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

புதுமனை புகுவிழாவுக்கும் காளிதாசன் முறையாக அழைக்கவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மனைவியோடு வந்து, அண்ணன் காலடியில் வைத்து அழைக்க வேண்டிய விசேஷத்துக்குக் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். பரஞ்சோதி போகவில்லை. ஆனால் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். கீழே சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும் ஓசை கேட்டது. நாதஸ்வரத்தை ஸ்பீக்கரில் போட்டார்கள். முதல் பயணத்தில் அண்ணனைத்தான் உட்கார வைத்திருக்க வேண்டும். பெட்டி மேலே ஏறி வந்தபோது இருக்கையில் இருந்தது அம்மா செல்லாயியின் படம். ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, மல்லிகை மாலை போட்டு, சாயாமல் இருக்கக் குறுக்கே பெல்ட் கட்டியிருந்தார்கள். அம்மா ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே மேலே போனாள்.

அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவர் அவர். படையல் போடுவது அவர் வீட்டில். அந்தக் குடும்பத்தில் இறந்த பெண்களை வீட்டுக்கு அழைப்பதற்கு ஒரு முறை இருந்தது. கொள்ளி வைத்தவன் செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி, மூன்று முறை கூப்பிட வேண்டும். அவள் அந்தத் தண்ணீரில் வந்து இறங்குவாள். செம்பை எந்த வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறார்களோ, அந்த வீட்டில் தங்குவாள். செம்பில்லாமல் கூப்பிடக் கூடாது. ஏன் என்று கேட்டவரும் இல்லை, கூப்பிட்டுப் பார்த்தவரும் இல்லை.

காளிதாசன் செம்பும் எடுக்கவில்லை, அண்ணனையும் கூப்பிடவில்லை. அம்மாவை ஒரு சாமானைப்போல் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

பெட்டி நின்றதற்கு மறுநாள் காலை அட்ரியன் வந்து தண்டவாளத்தை ஒட்டிக் குந்தினான். மடிக்கணினியில் வயரைச் செருகி நெடுநேரம் பார்த்தான்.

"நீங்க எதும் அமுக்கினீங்களா அங்கிள்?"

"எதை அமுக்க? இங்க என்ன இருக்கு அமுக்க?"

"அதான் எனக்கும் புரியல. உள்ளேருந்து யாரோ நடுவுல நிறுத்தச் சொன்னதா காட்டுது. நடுவுன்னு ஒண்ணு இந்த மெஷினுக்கே தெரியாது."

"ஒரு தடவதானே?"

"ஆறு தடவ அங்கிள். தெனமும் ஏழு இருவது. நீங்க நேத்துதான் பாத்தீங்க போல." அவன் திரையை உற்றுப் பார்த்தான். "காலியாத்தான் எறங்குது. ஆனா எடை முப்பத்தெட்டு கிலோ காட்டுது. சென்சர் போயிருக்கும். மாத்திடறேன்."

கடைசி வருடம் கிளினிக்கில் அம்மாவைத் தராசில் ஏற்றியபோது முள் நின்ற இடம் பரஞ்சோதிக்கு ஞாபகம் இருந்தது.

பயம் உடனே வரவில்லை. முதலில் வந்தது வேறு. அது நெஞ்சுக்குள் இனிப்பாக ஊறியது. மூன்று மாடி, ஏர்கான், பளிங்கில் பூஜையறை. அங்கே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் இறங்கி மூத்தவன் வாசலுக்கு வந்து நிற்கிறாள்.

அன்று மதியம் காளிதாசன் ட்ராமில் இறங்கினான். வெள்ளைச் சட்டையோடு, கால்மேல் கால் போட்டு. ஜன்னலை நெருங்கும்போதே ஆரம்பித்துவிட்டான், கடப்பதற்குள் பேசி முடிக்க வேண்டுமே.

"அண்ணே, சௌக்கியமாண்ணே? கோவத்த விடுங்கண்ணே. ஒரு தடவ ஏறிப் பாருங்க, சோபா மாதிரி இருக்கு. அண்ணி, நீங்களாச்சும் வாங்க, இவரு கெடக்கறாரு..." பெட்டி தாண்டிவிட்டது. கழுத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினான்: "அம்மா இருந்தப்ப இது இருந்திருக்கணும்ணே."

பிரேமாவதி கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அவருக்குத் தெரிஞ்சிருந்தா இப்படிச் சொல்லுவாரா?"

"எது தெரிஞ்சா?"

அவள் மடித்த துணியை மறுபடி உதறினாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மழைச் சாயங்காலம் அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. காளிதாசன் அப்போது ஜொகூரில் இருந்தான். கீழே வாழைப்பழம் பொரித்து விற்கும் ராக்காயி விஷயம் தெரிந்து, இரண்டு ஆண்களை நாற்காலியோடு அனுப்பினாள். தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி காடியில் ஏற்றலாம் என்று. பரஞ்சோதி அவர்களைத் திருப்பி அனுப்பினார். பெரிய கங்காணி வீட்டு மருமகளை நாலு பேர் பார்க்க மூட்டையைப்போல் தூக்குவதா? அம்மாவை அரக்குப் பட்டு கட்டச் சொன்னார். தலை வாரச் சொன்னார். குடை பிடித்துப் பக்கத்தில் நடந்தார். அவள் தன் காலால் இறங்கினாள். இருபதாவது படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியவனே," என்றாள். "என்னத் தூக்கிக்கயேன்."

கீழே ஜனங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவருக்கு முதுகு திடமாகத்தான் இருந்தது. அவர் குடையை மட்டும் அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்.

விளக்கு ஏற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள் என்று தம்பியிடம் சொன்னார். நல்ல சாவு என்று எல்லாரும் சொன்னார்கள். தோட்டத்து ஜனங்களும் வாய் திறக்கவில்லை. குடும்பத்தின் மானம் அப்படித்தான் காக்கப்பட்டது என்று அவர் நம்பினார்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கே விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

மழை இல்லை. செம்பனைக் காட்டிலிருந்து புழுங்கிய இலை வாசமும், யாரோ குப்பை கொளுத்திய புகையும் வந்தன. வானம் ஜெராயின் தோளில் ஊதா நிறமாகிக் கறுத்தது. மேலே மோட்டார் உறுமியது. பெட்டி இறங்கும் சத்தத்தில் ஒரு வித்தியாசம் கேட்டது. காலியாக வரும்போது பல்சக்கரம் துள்ளும், இப்போது அழுந்தி அழுந்தி வந்தது. தம்ளர்கள் கிணுகிணுத்தன. நின்றன. கதவு திறந்தது. இப்போது அவர் நன்றாகப் பார்த்தார். நீல இருக்கையில் ஒரு பக்கம் குழிந்திருந்தது. குழியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிற்று. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. நனைந்த பட்டின் வாசனை, தைலம் கலந்து, கம்பி வழியாக உள்ளே வந்தது.

கதவு மூடியது. பெட்டி போயிற்று. பரஞ்சோதியின் மனம் சொன்னது: என்னிடம்தான் வந்தாள்.

மறுநாள் காலையிலேயே செம்பைப் புளி போட்டுத் துலக்கச் சொன்னார்.

"எதுக்கு?" என்றாள் பிரேமாவதி.

"அம்மாவ நம்ம வீட்டுக்குக் கூப்பிடப் போறேன்."

அவள் அலமாரியிலிருந்து செம்பை எடுத்தாள். "வந்தா, எதுக்கு வந்தாங்கன்னு கேப்பீங்களா?"

"எம் வீட்டுக்கு வர எங்கம்மாவுக்குக் காரணம் வேணுமா?"

அவள் செம்பைத் துலக்கினாள். ஆறு மணிக்கு மஞ்சள் தண்ணீர் நிரப்பி மேசைமேல் வைத்தாள். அவர் வேட்டி மாற்றி, திருநீறு பூசி, ஜன்னலோரம் நின்றார். முறையாகச் செய்ய வேண்டும். எல்லாம் முறையாக. தம்பி படத்தை வைத்துக்கொள்ளட்டும். அம்மா இங்கே இருப்பாள். இனிமேல் படையலுக்கு அவன் இங்கேதான் வந்து நிற்க வேண்டும், படியேறி.

ஏழு இருபது. மோட்டார் உறுமியது.

பெட்டி வந்தது. அதில் காளிதாசன் இருந்தான்.

பரஞ்சோதி இதை எதிர்பார்க்கவில்லை. தம்பி எங்கோ கிளம்பியிருக்கிறான் போலும். இருக்கையின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான், அத்தனை பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு. பக்கத்து இடம் காலியாக இருந்தது. காலியாக இருந்த அந்த இடத்தின்மேல் அவன் தலை சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அறுபத்து நான்கு வயதுக்காரன், பால் குடித்துத் தூங்கிய பிள்ளைபோல. அவன் நெற்றியில் விழுந்த மயிர் தானாக ஒதுங்கியது. மெதுவாக, யாரோ விரலால் ஒதுக்கியதுபோல. மறுபடி. மறுபடி.

பெட்டி நின்றது.

பரஞ்சோதிக்குள் ஏதோ எரிந்தது. பக்கத்தில் இருந்து அவள் கண்ணை மூடிவிட்டவன் நான். கொள்ளி வைத்தவன் நான். வருஷம் தவறாமல் இலை போட்டவன் நான். இவன் ஜொகூரில் காசு பார்த்துக்கொண்டிருந்தான். என் தலையை அவள் அப்படித் தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்று? தொட்டாளா எப்போதாவது?

ஜன்னல் கம்பி தடுத்தது. அவர் வாசற்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

"என்னங்க, செம்பு," என்றாள் பிரேமாவதி உள்ளேயிருந்து. "செம்ப எடுங்க."

"அம்மா."

காளிதாசனின் மயிரை ஒதுக்கியது எதுவோ, அது நின்றது.

"அவன விட்டுட்டு வாம்மா. அம்மா, எங்கிட்ட வா."

மூன்று முறை ஆயிற்று.

குழி நிரம்பியது. இருக்கை மெல்ல மேலெழுந்து சமமாயிற்று. தாங்கிய தோள் போனதும் காளிதாசனின் தலை சடாரென்று விழுந்தது. அவன் விழித்து, எச்சிலைத் துடைத்து, "அண்ணே?" என்றான். கதவு மூடியது. பெட்டி அவனை இறக்கிக்கொண்டு போயிற்று.

வாசலில் ஒன்றும் இல்லை.

பூச்சிகள் கத்துவதை நிறுத்தியிருந்தன. பரஞ்சோதி நீட்டிய கைகளைப் பார்த்தார். வெறும் கை. ஈரமாக இருந்தது. முன்னால் யாரையும் காணோம். அவர் திரும்பினார்.

பிரேமாவதி வாசற்படிக்கு உள்ளே நின்றிருந்தாள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு சாண் மேலே பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள், பெரியவர்கள் வந்தால் செய்வதுபோல.

"வாங்க அத்தே," என்றாள் மெதுவாக.

அப்போதுதான் கழுத்தில் அந்தக் குளிர்ச்சி.

இரண்டு கை. எலும்பு மட்டுமான கை, ஈரப்பட்டு சுற்றிய கை, தோளுக்கு மேலாக வந்து தொண்டைக் குழியில் கோத்துக்கொண்டது. முதுகில் நெஞ்சுக்கூடு பதிந்தது. அதில் மூச்சு இழுத்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இழுத்த அதே மூச்சு, அவர் காதோரமாக.

வீட்டுக்குள் போக நினைத்தார். கால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

படி இறங்கினார்.

ஒவ்வொரு படிக்கும் முழங்கால் கத்தியது. கைகள் தாமாகப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன, மெலிந்த தொடைகளைத் தாங்கிக்கொண்டன. முதுகு வளைந்தது. எழுபத்தொரு வருடம் யாருக்கும் வளையாத முதுகு. இருபதாவது படி வந்தது. அவர் நிற்கப் பார்த்தார். அவள் நிற்க விடவில்லை.

கீழே ஆட்கள் இருந்தார்கள். ராக்காயியின் கடையில் எண்ணெய் கொதித்தது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பலகாரம் வாங்க நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் உதவிக்கு வரவில்லை. ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

கடைசிப் படியில் பரஞ்சோதி குனிந்தார். "வந்தாச்சும்மா," என்றார். "இறங்கு."

கை தளரவில்லை.

காளிதாசன் ட்ராமிலிருந்து இறங்கி அங்கேயே நின்றிருந்தான். "அண்ணே, அம்மா ஏன் நனைஞ்சிருக்காங்க?" என்றான். பிறகு இரண்டு கையையும் கூப்பினான். அந்தக் கும்பிடு அண்ணனுக்கு இல்லை.

காதில் ஈர மூச்சு ஒரு முறை நின்று, மறுபடி இழுத்தது.

"பெரியவனே. மேல."

குதிகால்கள் விலாவில் அழுந்தின.

அவர் திரும்பி ஏறினார். பத்தாவது படியில் சுமை கூடியது. இன்னொருவர் ஏறிக்கொண்டதுபோல. முழங்கால் மடிந்தது. கையை ஊன்றினார். இருபதாவது படியில் இன்னும் கொஞ்சம். நாலு காலால் ஏறினார், ஊர் பார்க்க. முப்பது. நாற்பது. பாசி வாசம். மண் வாசம். அம்மாவுடையது அல்லாத ஒரு பழைய விபூதி வாசம்.

அறுபது.

அவருடைய வீடு. கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. குதிகால் மறுபடி அழுந்தியது. உச்சிக்கு இன்னும் ஐம்பத்தெட்டுப் படி.

கூடத்து ஜன்னலைக் கடக்கும்போது ஜன்னல் கதவின் கண்ணாடியில் பார்த்தார்.

அரக்குப் பட்டில் அம்மா. தலை வாரியிருந்தாள். முதுகு நேராக, கண் நேராக, கங்காணி வீட்டு மருமகளாக உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் முதுகில், தலை மழித்த கிழவி ஒருத்தி. கிழவியின் முதுகில், கைப்பிள்ளையை இடுக்கிய ஓர் இளம்பெண். அவளுக்கும் மேலே, அந்த வீட்டில் இறந்த இன்னொருத்தி. அவளுக்கும் மேலே. ஒருத்தியின் தோளை ஒருத்தி பற்றிக்கொண்டு, கண்ணாடி முடியும் இடம் வரை, அதற்கு மேலும், இருட்டுக்குள்.

எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.